கற்பூர மரத்தடியில் கழற்றிய கைக்கடிகாரம்

காலையில் கற்பூர மரத்தடியில் நிற்பதற்கு முன் என் அண்ணன் கைக்கடிகாரத்தைக் கழற்றுவார். அடுத்து இடுப்புவார். அதற்கப்புறம் சட்டைப்பையில் இருக்கும் சாவிக்கொத்து. உடம்பில் உலோகம் இருந்தால் உயிரோட்டம் தடைப்படும் என்று எண்பதுகளில் யாரோ சொன்னது. மற்றவர்கள் மறந்துவிட்டார்கள், அண்ணன் மறக்கவில்லை. மூன்றையும் கைக்குட்டையில் முடிந்து அண்ணி கையில் கொடுப்பார். அண்ணி போனபிறகு என் கையில். வார் இல்லாத காற்சட்டை இடுப்பில் நிற்காமல் இறங்கும். கண்ணைத் திறக்காமலே ஒரு கையால் அதை ஏற்றிவிட்டுக்கொள்வார். பிறகு ஒரு இலையைப் பறித்துக் கசக்கி முகர்ந்துவிட்டு, கைகளை வயிற்றுக்கு நேரே பந்தைப் பிடித்ததுபோல் வைத்துக்கொண்டு நிற்பார். பல வருஷமாக இதே வரிசைதான்.

அவர் பெயர் லெய் குவாங்தெ. எங்கள் ஷியாங்யாங் நகரத்துத் தண்ணீர் பம்பு தொழிற்சாலையில் லேத்தில் வேலை பார்த்தவர். நானும் அதே தொழிற்சாலைச் சாப்பாட்டுக் கூடத்தில் காய் நறுக்கினேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்ற தங்கை எனக்கு அந்த வேலையை வாங்கித் தந்ததும் அவர்தான். அவருக்கு ஒரே மகன், குவாங்சோவில் இருக்கிறான். எனக்குப் பிள்ளைகள் இல்லை. அண்ணி இறந்த வருஷம் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இளவயதில் அண்ணனுக்கு வயிற்றில் புண். எது தின்றாலும் வலி. அந்த நாட்களில் ஊரே சீகுங் என்னும் மூச்சுப்பயிற்சி பழகிக்கொண்டிருந்தது. விடிவதற்குள் அகழிக்கரைப் பூங்காவில் மரத்துக்கு ஒருவராக ஆட்கள் நிற்பார்கள். மெதுவாக மூச்சை இழுத்து, மெதுவாகக் கையை உயர்த்தி, அப்படியே நின்றால் உடம்புக்குள் உயிரோட்டம் வந்து இறங்கும் என்றார்கள். இறங்கியதற்கு அடையாளம், உடம்பு தானாக ஆடும். உண்மையிலேயே ஆடினார்கள். ஒருவர் தலை ஆடும், ஒருவர் தோள் குலுங்கும், சிலர் அழுவார்கள், சிலர் புல்லில் உருளுவார்கள். எங்கள் கணக்காளர் ஒருவர் கோழிபோல் கொக்கரித்ததை நானே பார்த்திருக்கிறேன்.

அண்ணன் மட்டும் ஆடவில்லை.

"லெய் மாஸ்டர், நீங்க மரத்துக்குப் பக்கத்துல நிக்கிறீங்களா, இல்ல மரமே நீங்கதானா?" என்று தபால்காரர் தோவ் கேட்பார். தோவுக்கு முதல் மாதத்திலேயே இரண்டு கையும் சிறகுபோல் அடித்துக்கொண்டது. அண்ணன் சிரிப்பார். ஆனால் வீட்டுக்கு வந்ததும் பேசமாட்டார். இதற்கிடையில், பழகியதால் வயிற்றுப் புண் ஆறிவிட்டது. அதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ஆட்டம் வரவில்லை, அதுதான் கணக்கு. லேத்தில் ஒரு துண்டு சரியாக வராவிட்டால் மதியச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு அதிலேயே நிற்கிறவர் அவர்.

பிறகு ஒரு காலம் வந்தது. பெரிய கூட்டங்கள் கலைந்தன. நடனமாடுகிற பெண்கள் ஒலிபெருக்கியோடு வந்து இடத்தைப் பிடித்தார்கள். கற்பூர மரங்களுக்கடியில் மிஞ்சியது அண்ணன், தோவ், இன்னும் நாலைந்து பேர். அண்ணன் கைக்கடிகாரத்தைக் கழற்றுவதும் இலையைக் கசக்குவதும் நிற்பதுமாகவே இருந்தார்.

அவர் ஓய்வுபெற்றுச் சில வருஷம் கழித்து ஒரு இலையுதிர்காலக் காலை. நான் கைக்குட்டை முடிச்சோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அண்ணனின் வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. அரிசி மாவை உருட்டுவதுபோல. அவர் கண்ணை மூடியிருந்தார். எனக்கு முன்னால் தோவ்தான் வாயைத் திறந்தார்.

"வந்துடுச்சு. டேய் எல்லாரும் பாருங்கடா, மரம் ஆடுது."

அண்ணன் கண்ணைத் திறந்து தன் கையைப் பார்த்தார். அவ்வளவு வயதான மனிதர் முகத்தில் அப்படியொரு வெட்கத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அன்று எல்லோருக்கும் அவர்தான் காலையுணவு வாங்கிக் கொடுத்தார். எங்கள் ஊர் வழக்கப்படி எண்ணெய் மிதக்கும் காரமான மாட்டிறைச்சி நூடுல்ஸ், கூடவே கிண்ணத்தில் மஞ்சள் அரிசி மது. தோவ் இரண்டாம் கிண்ணத்துக்கே உளற ஆரம்பித்துவிட்டார். "எனக்கு ஒரு மாசத்துல வந்தது, ஒரு வருஷத்துல போயிடுச்சு. உனக்கு இத்தனை வருஷம் கழிச்சு வந்திருக்குன்னா, அது எப்பேர்ப்பட்ட ஓட்டமா இருக்கணும்."

அதற்கப்புறம் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முட்டிவலி, தோள்வலி. அண்ணன் அந்த ஆடும் கையை வலிக்கிற இடத்தில் வைப்பார். பணம் வாங்கமாட்டார். எதிர்வீட்டு நியெ அக்கா தினமும் வந்தாள். "சூடா இருக்கு யூபிங், இஸ்திரிப் பெட்டி வெச்சமாதிரி இருக்கு" என்று என்னிடம் சொல்வாள். அண்ணன் புதுச்சட்டை வாங்கினார். முடிக்குச் சாயம் பூசினார். ஆனால் அந்தக் கை எனக்கு நிம்மதி தரவில்லை.

ஏனென்றால் அது மரத்தடியில் மட்டும் ஆடவில்லை. தொலைக்காட்சி பார்க்கும்போதும் ஆடியது. குச்சிகளை எடுத்துச் சாப்பிடப் போனால் நின்றுவிடும். கையை மடியில் வைத்தால் மறுபடி தொடங்கும். உயிரோட்டத்துக்குத் தொலைக்காட்சியில் என்ன வேலை? நடக்கும்போது இடது கை வீசியது, வலது கை விலாவோடு ஒட்டிக்கொண்டு வந்தது. முகம் அசைவில்லாமல் ஆகிவந்தது. நியெ அக்கா அதை ஞானக்களை என்றாள். ஒருநாள் அடுப்பில் சோறு கரிந்து வீடே புகைந்தது. அண்ணன் அடுத்த அறையில் உட்கார்ந்திருந்தார், அவருக்குக் கரிந்த வாடையே தெரியவில்லை. அன்றுதான் யோசித்துப் பார்த்தேன்: காலையில் அவர் இலையைக் கசக்கி முகர்வதை நிறுத்தி எத்தனை நாளாயிற்று?

உட்காரவும் முடியவில்லை அவரால். ஜன்னலுக்குப் போவார், கதவுக்கு வருவார், மறுபடி ஜன்னல். காலடிகள் குறுகிக் குறுகி ஓடும். சில சமயம் வாசற்படியில் வந்து அப்படியே நின்றுவிடுவார், கீழே பசை தடவி வைத்ததுபோல. நான் பின்னாலிருந்து பார்ப்பேன். அவர் ஒரு இடத்தில் இல்லாததால் என்னாலும் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. துணி மடிக்கும்போது எழுந்துபோய் எட்டிப்பார்ப்பேன், வந்து மடித்ததையே மறுபடி மடிப்பேன்.

"அண்ணே, ஒருதடவை டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடலாமே."

"எதுக்கு?"

"கைக்கு."

"இத்தனை வருஷமா வராதது வந்திருக்கு. அதைப் போய் நிறுத்தறதுக்கு நானே ஆள் தேடணுமா? மாத்திரை கொடுத்து நிறுத்திடுவான் அவன்."

"கால்கூட மாட்டிக்குதே."

"ஓட்டம் கால்ல இறங்குது. தோவ் சொன்னான்."

குவாங்சோவிலிருந்து அண்ணன் மகன் போனில் பேசினான். "அத்தை, அவர் சந்தோஷமாத்தானே இருக்கார், விடுங்க" என்றான். அவர் சந்தோஷமாகத்தான் இருந்தார். அதுதான் கஷ்டம்.

குளிர் தொடங்கிய சமயத்தில் அகழிப் பாலத்துப் படியில் விழுந்தார். கையை ஊன்றக்கூட இல்லை, அப்படியே மரம் சாய்வதுபோல். நெற்றியில் தையல் போட்டது தெருமுனை மருத்துவக்கூடத்துச் செவிலி. "ஓட்டம் ஜாஸ்தியாயிடுச்சு, தாங்கல" என்று அவளிடமும் சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

அடுத்த திங்கட்கிழமை எனக்குத் தலைசுற்றுகிறது என்றேன். பெரிய மருத்துவமனைக்குத் தனியாகப் போகப் பயமாயிருக்கிறது என்றேன். அண்ணன் என்னைத் தனியாக எங்கேயும் அனுப்பியதில்லை. உடனே மேற்சட்டையை மாட்டிக்கொண்டார்.

நரம்பு மருத்துவப் பிரிவின் நடைவழியில் நாற்காலிகள் எதிரெதிரே இரண்டு வரிசை. அவரை உட்காரவைத்துவிட்டு வரிசை எண்ணைப் பதிந்துவிட்டு வரப் போனேன். திரும்பி வரும்போது அண்ணன் உட்கார்ந்திருக்கவில்லை. நடைவழியின் நடுவில் நின்று ஒவ்வொரு நாற்காலியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிர் வரிசையில் ஒரு கிழவரின் மடியில் வலது கை. கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் உரசிக்கொண்டிருந்தன. அவருக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒருவர், அவருக்கு இடது கை. கடைசியில் ஆட்டுத்தோல் மேலங்கி போட்ட தடித்த பெண்மணி, அவளுக்கு இரண்டு கையும். எல்லாம் ஒரே உருட்டல். ஒரே வேகம்கூட.

அண்ணன் அந்தப் பெண்மணி முன்னால் போய் நின்றார். மரியாதையாகக் கேட்டார். "நீங்க எந்தப் பூங்காவுல பழகறீங்க?"

"என்ன பூங்கா?"

"சீகுங்."

"எனக்கு ஏதுங்க நேரம்? விடியறதுக்கு முன்னாடி கடையைத் திறக்கணும். பன்னிக்கறி வெட்டறவ நான்."

"அப்ப இது எப்படி வந்தது?"

அவள் தன் கைகளைப் பார்த்தாள், அவர் கையைப் பார்த்தாள். "உங்களுக்கு எப்படி வந்ததோ அப்படித்தான். கேட்காமத்தான்."

அண்ணன் நாற்காலிக்குத் திரும்பி வந்தார். வலது கையை இடது அக்குளுக்குள் திணித்துக்கொண்டார். அங்கேயும் ஆடியது; மேற்சட்டையின் துணி மெல்ல அசைந்தது. என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"உனக்குத் தலை சுத்தல, இல்ல?"

"இல்லண்ணே."

"நம்பர் யார் பேர்ல?"

"உங்க பேர்லதான்."

அவர் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. கூப்பிட்டபோது உள்ளே போனார். டாக்டர் விரல்களைத் தட்டச் சொன்னார், மணிக்கட்டை மடக்கி நீட்டினார், நடந்து திரும்பச் சொன்னார். பார்க்கின்சன் நோய் என்றார். இதை ஒழிக்க மருந்தில்லை, ஆனால் நன்றாக நடமாட வைக்கலாம் என்றார். மாத்திரை எழுதினார். கூடவே, வாரத்தில் சில நாள் மருத்துவமனை மறுவாழ்வுப் பிரிவில் உடற்பயிற்சி வகுப்பு என்று சொன்னார். என்ன பயிற்சி என்று நான்தான் கேட்டேன்.

"சீகுங். எட்டு அசைவு உள்ளது. இந்த நோய்க்காரங்களுக்கு நடை, நிதானம் ரெண்டுக்கும் உதவும்."

அண்ணன் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா என்று தெரியவில்லை.

மாத்திரை மேசை இழுப்பறைக்குள் போனது. போட்டுக்கொள்ளவில்லை. நான் வெந்நீர் கொண்டுபோய் வைப்பேன், ஆறும், எடுத்துவருவேன். ஒருநாள் மட்டும் வாய்விட்டுச் சொன்னார். "அதைப் போட்டா கை நின்னுடும் யூபிங். நின்னுட்டா நான் இத்தனை வருஷம் எதுக்கு நின்னேன்?" ஆறின வெந்நீரை எடுத்துக்கொண்டேன். அவர் மறுபடி ஜன்னலுக்குப் போனார்.

ஆனால் வகுப்புக்கு வந்தார். அந்த எட்டு அசைவும் தனக்குத் தெரியும் என்பதைக் காட்டிவிட்டு வரத்தான் வந்தார் என்று நினைக்கிறேன். மருத்துவமனையின் பின்முற்றத்தில் சொல்லிக்கொடுத்தது ஷென் லின் என்ற இளம்பெண். அண்ணன் வழக்கம்போலக் கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"தாத்தா, எதுக்குக் கழட்டறீங்க?"

"உலோகம் இருக்கக்கூடாது."

"இங்க இருக்கலாம். கண்ணையும் மூடாதீங்க. மூடினா விழுந்துடுவீங்க."

அண்ணன் முகம் சுருங்கியது. சுருங்கியதாக எனக்குத்தான் தெரியும். மற்றவர்களுக்கு அந்த முகத்தில் ஒன்றும் தெரிந்திருக்காது. இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்குகிற முதல் அசைவை அவர்போல் யாரும் செய்யவில்லை. ஷென் லின்கூட நின்று பார்த்தாள். அடுத்தது வில் இழுப்பது. ஒரு காலைப் பக்கவாட்டில் எடுத்துவைத்து, உட்கார்வதுபோல் தாழ்ந்து, இல்லாத வில்லை இழுக்கவேண்டும். எல்லோரும் காலை எடுத்துவைத்தார்கள். அண்ணன் கால் வரவில்லை. வாசற்படியில் நிற்பதுபோல் நின்றுவிட்டார். முட்டிகள் மட்டும் நடுங்கின.

"மாத்திரை எப்பப் போட்டீங்க தாத்தா?"

"போடறதில்ல" என்று நான் சொன்னேன்.

பின்வரிசையில் அந்தப் பன்றிக்கறிக் கடைப் பெண்மணி இருந்தாள். குவோ என்று பெயர். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "போடறதில்லையா? நான் மாத்திரையைப் போட்டுட்டுத்தான் இங்க வந்து கையைத் தூக்கறேன். வெறும் கையைத் தூக்கினா எல்லாம் போயிடும்னா இந்த ஆஸ்பத்திரிய மூடிட்டுப் போகலாமே. உங்களுக்கு ஆட்டம்தான் வேணும்னா என் கடைக்கு வாங்க, கத்தி தரேன். ஆடிக்கிட்டே வெட்டிப் பாருங்க."

நாலு பேர் சிரித்தார்கள். ஷென் லின் சிரிக்கவில்லை. அண்ணன் பக்கத்தில் வந்து நின்று, "காலைத் தூக்கப் பார்க்காதீங்க. முதல்ல உடம்பை அந்தப் பக்கம் சாய்ங்க. எடை இடது கால்ல போயிடட்டும். வலது கால் காலியானதும் தானா வரும்" என்றாள். அண்ணன் சாய்ந்தார். வலது கால் வந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே வில்லை இழுத்தார்.

அன்றும் மாத்திரை இழுப்பறையில்தான் கிடந்தது.

பூங்காவுக்கும் போய்க்கொண்டிருந்தார். கையை வைக்கச் சொல்லி வருகிறவர்களுக்கு முன்போலவே வைத்தார், ஆனால் அவர்களைப் பார்க்கமாட்டார். ஒருநாள் நியெ அக்கா பெஞ்சில் உட்காரும்போது தள்ளாடினாள். உதடு வறண்டிருந்தது.

"என்னக்கா ஆச்சு?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. சர்க்கரை மாத்திரைய விட்டுட்டேன். லெய் மாஸ்டர் கை இருக்கும்போது அது எதுக்கு?"

அண்ணன் கை அவள் முட்டிமேல் இருந்தது. எடுத்துவிட்டார். எழ முயன்றார், கால் வரவில்லை. இடப்பக்கம் சாய்ந்து, வலது காலை எடுத்துவைத்து எழுந்தார். எல்லோருக்கும் கேட்கும்படி பேசப் பார்த்தார். குரல் வெகுநாளாகவே தணிந்திருந்தது, அதனால் எல்லோரும் கிட்டே வரவேண்டியிருந்தது.

"இது ஓட்டம் இல்ல. வியாதி. பார்க்கின்சன்னு பேரு."

தோவ் கையை உதறினார். "டாக்டருக்கு என்னடா தெரியும்? நீ இத்தனை வருஷம் நின்னது அவனுக்குத் தெரியுமா?"

"ஆஸ்பத்திரில வரிசையா உட்கார்ந்திருக்காங்க தோவ். எல்லாருக்கும் இதே கை. பன்னிக்கறி வெட்டறவளுக்கு ரெண்டு கையும் ஆடுது. அவ ஒருநாள்கூட நின்னதில்ல."

நடனக்காரிகளின் ஒலிபெருக்கி மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

"அப்ப என் முட்டிவலி ஏன் குறைஞ்சது?" என்று நியெ அக்கா கேட்டாள்.

"தெரியல. ஆனா நீ போய்ச் சர்க்கரை மாத்திரையப் போடு. என் கைக்காக விடாதே."

அவள் அழுதாள். தோவ் தன் தொப்பியை எடுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் நடந்தார். திரும்பிப் பார்ப்பார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் தானே இழுப்பறையைத் திறந்தார். வெந்நீர் கேட்டார்.

கை ஒரேயடியாக நின்றுவிடவில்லை. சில வாரங்களில் தணிந்தது. ஒருநாள் தொலைக்காட்சி முன்னால் மடியில் கிடந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது சும்மா கிடந்தது. "மறுபடி மரமாயிட்டேன்" என்றார். நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். பாதியைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்.

இப்போது அண்ணன் பூங்காவுக்கும் போகிறார், வகுப்புக்கும் போகிறார். மரத்தடியில் அசையாமல் நிற்பதில்லை. எட்டு அசைவையும் கண்ணைத் திறந்துகொண்டு செய்கிறார். நியெ அக்கா அவர் பின்னால் நின்று செய்கிறாள், கடை மூடியிருக்கும் நாட்களில் குவோவும் வருகிறாள். தோவ் வருவதில்லை. மின்தூக்கியின் கதவு திறக்கும்போது அண்ணன் கால் இன்னும் மாட்டிக்கொள்கிறது. பின்னால் நிற்பவர்கள் முணுமுணுத்தாலும் அந்த இல்லாத வில்லை இழுத்துவிட்டுத்தான் உள்ளே போகிறார். நோய் போகவில்லை, மெதுவாக ஏறிக்கொண்டுதான் இருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார். கற்பூர இலையின் வாசனை அவருக்குத் திரும்பி வரவில்லை. நான் கசக்கிக் கொடுத்துப் பார்த்தேன். அவர் கண் எதிரில் இல்லாவிட்டால் இன்னும் நான் எழுந்துபோய்ப் பார்க்கிறேன். கைக்கடிகாரத்தை அவர் கழற்றுவதில்லை. மாத்திரை வேளைக்கு அது ஒலிக்கவேண்டும், இறைச்சி மருந்தைத் தடுக்குமாம், அதனால் போட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் மாட்டிறைச்சி நூடுல்ஸ் சாப்பிடலாம்.